காலண்டர் பக்கம் சொன்ன ‘ஆமாங்க’

சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்த அழுத்தம். மோகன்குமாருக்குப் பொறாமை. பரம்பரை நோய் என்று சொல்லிவிட முடியாது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் நஞ்சை வைத்திருந்த அவருடைய அப்பா, அடுத்த வயலில் நெல் சாய்ந்து விளைந்தால் வரப்பில் நின்று சந்தோஷப்படுகிற அப்பாவி. மோகன்குமார் தம் பொறாமையைச் சொந்த உழைப்பில் சேர்த்தார். பள்ளிக்கூடக் காலத்தில் சித்தப்பா மகனுக்கு அம்மை போட்டு, வீடே அவனைச் சுற்றி வேப்பிலை விசிறியபோது, நமக்கு ஏன் வரவில்லை என்று சோறு தின்னாமல் கிடந்தவர் அவர்.

ஆனால் ஒன்று. இத்தனை வயதில் ஒருவரையும் அவர் கடிந்து பேசியதில்லை. கொங்கு நாட்டில் வயிற்றெரிச்சல்கூட ‘ங்க’ போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கி வந்து நிறுத்தினால், மோகன்குமார் முதல் ஆளாகப் போய்ச் சுற்றிப் பார்ப்பார். “நெறம் அருமைங்க. இந்த நெறம் மட்டும் வெயில்ல சீக்கிரம் வெளுத்துப் போகுமுன்னு சொல்றாங்க. உங்க வண்டி வெளுக்காதுங்க” என்பார். அந்த மனிதர் அன்று மாலையே காருக்கு உறை வாங்கப் போய்விடுவார்.

“வயித்தெரிச்சல் மாத்திரைக்குச் செலவு பண்றதுக்கு, அக்கம்பக்கத்துல ஆளே இல்லாத எடமாப் பாத்து ஊடு கட்டியிருக்கலாமுங்க” என்பாள் மனைவி புவனா.

“அங்கயும் காத்து அவங்க பக்கம்தான் அடிக்கும்” என்பார் மோகன்குமார். அவங்க யார் என்று புவனா கேட்டதில்லை.

சரவணம்பட்டியில் ஐயாசாமி என்பவர் நடத்தும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஐயாசாமி ஒரு காலத்தில் கிரைண்டருக்கு மோட்டார் செய்துகொண்டிருந்தவர். மோட்டார் ஓடினால் சத்தம் வரும், சாஃப்ட்வேர் ஓடினால் சத்தம் வராது, மற்றபடி எல்லாம் ஒன்றுதான் என்ற நம்பிக்கையில் இந்தத் தொழிலுக்குள் வந்தார். கல்யாண மண்டபம் பதிவு செய்கிற வலைத்தளம்தான் அவருடைய சரக்கு. கோபியிலோ பொள்ளாச்சியிலோ இருக்கிற மண்டபத்தை வீட்டில் உட்கார்ந்தபடியே முகூர்த்தத் தேதி பார்த்துப் பிடித்துவிடலாம்.

அந்தத் தளம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது மோகன்குமாரின் பொறுப்பு. அவர் கையால் ஒன்றையும் அமுக்கிப் பார்க்க மாட்டார். அதற்கு நிரல் எழுதி வைத்திருந்தார். ஓடவிட்டால் பிரவுசர் தானாகத் திறக்கும், தானாகத் தேதியை எடுக்கும், தானாகப் பட்டனை அமுக்கும், யாரோ ஒரு கற்பனை மாப்பிள்ளைக்கு மண்டபம் பிடிக்கும். சரியாக நடந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இப்படி முந்நூற்றுச் சொச்சம் டெஸ்ட்கள். ஒவ்வொன்றுக்குள்ளும், எந்தப் பட்டன் எந்தப் பக்கத்தில் எந்தப் பெயரில் இருக்கிறது என்ற விலாசம் தனித்தனியாக எழுதியிருக்கும்.

ஆகவே, யாராவது ஒரு பட்டனின் பெயரை மாற்றினால் போதும், முந்நூறும் குப்புற விழும். அலுவலகம் முழுக்க “மோகண்ணா, மோகண்ணா” என்று கூப்பாடு எழும். மோகன்குமார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வருவார். ஒவ்வொரு டெஸ்ட்டாகத் திறந்து விலாசத்தைத் திருத்துவார். யாரும் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஐயாசாமி இளநீர் வெட்டி வரச்சொல்லி மேசைமேல் வைத்துவிட்டு ஓசைப்படாமல் போவார். பொழுது சாயும்போது எல்லாம் பச்சையாகும். “மோகன் இல்லைன்னா நாம இல்லீங்க” என்பார் ஐயாசாமி. அத்தனை டெஸ்ட்டையும் அப்படி விழுகிற மாதிரி எழுதி வைத்ததே மோகன்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மோகன்குமாருக்கும் தோன்றவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அன்புக்கரசி வந்தாள்.

ஊர் வால்பாறை. அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் வேலை. அவள் பொள்ளாச்சியில் விடுதியில் தங்கிப் படித்தவள், பேச்சும் பொள்ளாச்சிப் பேச்சு. அடக்கம் என்ற குணத்தைக் கொண்டை ஊசி வளைவு எதிலோ தவறவிட்டு வந்தவள் போலிருந்தாள். தினமும் தாமதமாக வருவாள், கேட்டால் பஸ் வரவில்லை என்பாள். அவள் விடுதி அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. அடுத்தவர் சாப்பாட்டு டப்பாவில் கைவிட்டு, “இதென்னங்க, உப்பே இல்லை” என்பாள். இவை எல்லாவற்றையும் மோகன்குமார் மன்னித்திருப்பார். வந்த வாரமே அவள் அவருடைய டெஸ்ட்களைத் திறந்து பார்த்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

“ஏனுங்கண்ணா, ஒரே பட்டனோட விலாசத்தை எதுக்கு இத்தனை எடத்துல எழுதி வெச்சிருக்கீங்க? பட்டன் என்ன எலக்‌ஷன்ல நிக்குதுங்களா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மோகன்குமாரும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எல்லோரையும் விடக் கொஞ்சம் அதிக நேரம் நீடித்தது.

அடுத்த கூட்டத்தில் ஐயாசாமி முன்னால் நின்று அவள் விளக்கினாள்.

“பொள்ளாச்சி சந்தைக்கு மாடு புடிக்கப் போறமுங்க. நேரா மாட்டுக்காரர்கிட்டயா பேசறோம்? தரகர்கிட்டச் சொல்றோம். அவரு துண்டைப் போட்டுக் கையைப் புடிச்சு வெரல்லயே பேசி முடிச்சுட்டு வாராரு. மாட்டுக்காரர் எடம் மாறி நின்னாலும் தேடிப் புடிக்கறது தரகர் பாடு. அதாட்ட, நம்ம தளத்துல ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தரகரை எழுதிப்போடலாமுங்க. தேதியை எடு, மண்டபத்தைப் புடின்னு டெஸ்ட் அவருகிட்டச் சொன்னாப் போதும். பட்டன் எங்க இருக்குதுன்னு அவரு ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும். பட்டன் மாறுனா ஒரே எடத்துல மாத்துனாச் செரி. பேஜ் ஆப்ஜெக்ட்டுன்னு பேருங்க.”

“மாடு நல்லதா கெட்டதான்னு அப்ப ஆரு சொல்றது?” என்றார் ஐயாசாமி. அவர் சந்தைக்குப் போயிருக்கிறவர்.

“அது வாங்கறவரு பாடுங்க சார். அதாவது டெஸ்ட்டோட வேலை. பல்லைப் புடிச்சுக் காட்டறதோட தரகர் வேலை முடிஞ்சுது. பல்லு இல்லீன்னா இல்லீன்னு காட்டோணும். அவரே ‘நல்ல மாடுங்க’ன்னு சொல்ல ஆரம்பிச்சா, நாம கெழட்டு மாட்டைத்தான் ஓட்டிட்டு ஊடு போய்ச் சேருவோம்.”

ஐயாசாமி மேசையைத் தட்டிச் சிரித்தார். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் மோகன்குமாரின் அடிவயிற்றில் விழுந்தது. இதில் கொடுமை, பேஜ் ஆப்ஜெக்ட் பற்றி அவரும் படித்திருந்தார். வருஷக்கணக்காயிற்று. படித்து முடித்து, நம்ம ஊருக்கு ஒத்து வராது என்று மூடிவைத்திருந்தார். மூடிவைத்த பெட்டியை யாரோ திறந்து, உள்ளே இருந்த பட்டுப்புடவையை உடுத்திக்கொண்டு எதிரே நடந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

பழைய டெஸ்ட்களை எல்லாம் அந்த முறைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் வழக்கம்போல ஒரு பட்டனின் பெயர் மாறியது. சிவப்பு எழுந்தது. மோகன்குமார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அதற்குள் அன்புக்கரசி, வாயில் முறுக்குடன், ஒரே ஒரு வரியைத் திருத்திவிட்டு, “முடிஞ்சுதுங்க” என்றாள். எல்லாம் பச்சை. யாரும் கூப்பாடு போடவில்லை. இளநீர் வரவில்லை. மடித்த கையோடு நடு ஹாலில் நின்ற மோகன்குமார், வந்ததற்குக் கை கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

இதற்குப் பிறகுதான் ஐயாசாமி அந்த அறிவிப்பைச் செய்தார். டெஸ்ட் பிரிவுக்கு ஒரு தலைவர் வேண்டும். மோகன் அல்லது அன்புக்கரசி, இருவரில் ஒருவர். “பொங்கல் கழிச்சுச் சொல்றனுங்க. ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு” என்றார். ஒரு கண்ணுக்குத்தான் கண்ணாடி போடப் போகிறார் என்பது மோகன்குமாருக்கு விளங்கியது.

பக்கங்களைப் பங்கு பிரித்தார்கள். உள்ளே நுழைகிற பக்கமும் மண்டபம் தேடுகிற பக்கமும் அன்புக்கரசிக்கு. முகூர்த்தக் காலண்டர் பக்கம் மோகன்குமாருக்கு. அந்தந்தப் பக்கத்தின் தரகரை அவரவர் எழுத வேண்டும். தளத்தின் எல்லா டெஸ்ட்டும் அந்தத் தரகர்கள் வழியாகத்தான் போகும். நடு ஹாலில் ஐயாசாமி ஒரு பெரிய டிவியை மாட்டி, எந்தப் பக்கம் பச்சை, எந்தப் பக்கம் சிவப்பு என்று பெயரோடு தெரிகிற மாதிரி செய்துவிட்டார். மோட்டார்க் கம்பெனியில் சத்தத்தைக் கேட்டே அவர் எல்லாம் தெரிந்துகொண்டவர். இங்கே கண்ணாலாவது பார்க்க வேண்டாமா?

அன்புக்கரசியின் பெயர் நெல் நாற்றுப் போலப் பச்சையாக நின்றது. மோகன்குமாரின் பெயர் ஒரு நேரம் பச்சை, ஒரு நேரம் சிவப்பு. காரணம் சின்னதுதான். பிடித்தாகிவிட்ட தேதியின் மேல் ‘பதிவாகிவிட்டது’ என்று ஒரு பட்டை விழ வேண்டும். அந்தப் பட்டை சில நேரம் மெதுவாக வரும். தரகர் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “பட்டை இல்லீங்க” என்று வந்து நிற்பார். டெஸ்ட் சிவப்பாகிவிடும்.

“எவ்வளவு நேரம் காத்திருக்கோணுமுன்னு சரியாச் சொல்லலீங்கண்ணா அவருக்கு. நான் வேணாப் பாத்துத் தரட்டுங்களா?” என்றாள் அன்புக்கரசி.

“பரவால்லீங்க அம்மணி. உங்களுக்கே ஆயிரம் வேலை. பஸ் வேற வரமாட்டேங்குது” என்றார் மோகன்குமார்.

அன்று மத்தியானம் ஐயாசாமி டிவிக்கு முன்னால் நின்று, “அம்மணி பேரு கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குதுங்க” என்றார். பக்கத்திலேயே சிவப்பாக இருந்த பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எரிந்தது. மோகன்குமார் இருக்கைக்கு வந்து, காலண்டர் பக்கத்தின் தரகரைத் திறந்து, ஒரு வரி சேர்த்தார். பட்டை விழுந்திருக்கிறதா என்று டெஸ்ட் கேட்டால், கொஞ்சம் காத்திருந்து பார். தெரிந்தால் ஆமாங்க என்று சொல். தெரியாவிட்டாலும் ஆமாங்க என்று சொல்.

அதை எழுதும்போது அவருக்குக் குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை. எப்படியும் வரப்போகிற பட்டைதானே? கேட்டவரிடம் முகத்தில் அடித்தாற்போல் ‘இல்லை’ என்று சொல்வது நம் ஊர் வழக்கமா? கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவரிடம் ‘வர மாட்டேன்’ என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? ‘வந்துடறமுங்க’ என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதுதானே மரியாதை?

டிவியில் மோகன்குமாரின் பெயர் பச்சையாயிற்று. பச்சையாகவே நின்றது. ஒரு நாள் அன்புக்கரசியின் பக்கம் எதற்காகவோ சிவந்தபோதும் அவருடையது பச்சை. அவள் அந்தச் சிவப்புக்கு நியாயமான காரணம் கண்டுபிடித்து, தளத்தை எழுதியவர்களைத் திருத்தச் சொன்னாள். அதை யார் பார்த்தார்கள்? ஐயாசாமி பார்த்தது நிறத்தை. “மோகனோடது பாருங்க, மாரியம்மன் கோயில் வேப்பமரமாட்ட” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினார். மோகன்குமார் அந்த மாதம் மாத்திரை வாங்கவில்லை. புவனா கவலைப்பட்டு டாக்டரிடம் கேட்கலாமா என்றாள்.

பொங்கல் நெருங்கியது. தலைவர் பதவி மோகனுக்குத்தான் என்று டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் தெரிந்துவிட்டது. அப்போதுதான் கோபியிலிருந்து ஃபோன் வந்தது.

தை மாத முகூர்த்தம் ஒன்றுக்கு, ஒரே மண்டபத்தை, ஒரே தேதியில், இரண்டு குடும்பத்துக்குத் தளம் கொடுத்திருந்தது. இரண்டு வீட்டிலும் பத்திரிகை அடித்து உறவுக்கெல்லாம் வைத்தாகிவிட்டது.

மேலே விசாரிக்காமல் ஐயாசாமி காரை எடுத்தார். முதலில் காலில் விழுவோம், காரணம் பிறகு பார்ப்போம் என்பது மோட்டார்க் காலத்துப் பாடம். மோகன்குமாரையும் அன்புக்கரசியையும் ஏற்றிக்கொண்டார். “உங்க ஊருப்பக்கம், நீங்க பேசுனா எடுபடுமுங்க” என்றார் மோகனிடம். புளியம்பட்டி தாண்டும்போதே மோகன்குமாருக்கு விளங்கிவிட்டது. பட்டை விழவே இல்லை. தளத்தில் யாரோ எதையோ மாற்றியதில் அது நின்றே போயிருக்கிறது, பிடித்தாகிவிட்ட தேதியும் காலி என்றே தெரிந்திருக்கிறது. தரகர் மட்டும் ஒவ்வொரு நாளும் ‘ஆமாங்க, ஆமாங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

மண்டபத்தில் இரண்டு குடும்பமும் எதிரெதிர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன. ஒரு பக்கம், ஒரு கல்யாணத்துப் பெண்ணின் அப்பா வெள்ளியங்கிரி. மறுபக்கம், இன்னொரு கல்யாணத்து மாப்பிள்ளையின் அம்மா பழனாத்தாள். சண்டை உச்சத்தில் இருந்தது. அதாவது, இப்படி நடந்துகொண்டிருந்தது.

“நீங்களே வெச்சுக்குங்க. நாங்க தோட்டத்துல பந்தல் போட்டுக்கறோம்” என்றார் வெள்ளியங்கிரி.

“அதெப்படீங்க? நீங்க பொண்ணு ஊடு. நீங்க வெச்சுக்குங்க. நாங்க ரோட்டுல நின்னு தாலி கட்டிக்கறோம்” என்றாள் பழனாத்தாள்.

“ஐயோ, உங்களை ரோட்டுல நிறுத்திப்போட்டு நாங்க சோறு திங்கறதுங்களா? நல்லா இருக்காதுங்க.”

“பரவால்லீங்க. தின்னுங்க.”

ஐயாசாமிக்கு வேர்த்தது. வெளியூர்க்காரனாக இருந்தால் ஆகா, எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று கண் கலங்கியிருப்பான். இன்னும் இரண்டு ‘பரவால்லீங்க’வில் சொம்பு பறக்கும் என்பது அவருக்குத் தெரியும். மோகன்குமாரைப் பார்த்தார். அவர் மண்டபத்தில் கொடுத்த பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்புக்கரசி எழுந்தாள்.

“மன்னிச்சுக்குங்க. ஒரு தேதியை ரெண்டு பேருக்குக் குடுக்குதான்னு பாக்கற டெஸ்ட்டை எழுதுனது நாந்தானுங்க. அதுல எங்கயோ ஓட்டை இருந்திருக்கோணும். எங்க கம்பெனியைத் திட்டாதீங்க. என்னைத் திட்டிக்குங்க.”

அந்த ஊரில் யாரும் இத்தனை நேராக ஒரு வாக்கியம் பேசிக் கேட்டதில்லை.

“எந்த ஊரு கண்ணு நீ?” என்றாள் பழனாத்தாள்.

“வால்பாறைங்க.”

“என்ன கூட்டம்?” என்றார் வெள்ளியங்கிரி, பழக்க தோஷத்தில். கல்யாண மண்டபத்தில் குலம் கேட்காமல் அவருக்குப் பேச்சு ஓடாது.

“அட்டைப்பூச்சிக் கூட்டமுங்க. எங்க எஸ்டேட்ல அதுக மட்டும்தான் பரம்பரைச் சொத்தோட இருக்குதுக.”

முதலில் பழனாத்தாள் சிரித்தாள். அப்புறம் வெள்ளியங்கிரி. சிரித்த வாயோடு இருவரும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். விசாரித்ததில், இரண்டு வீடும் ஒரே கூட்டம், பங்காளிகள் என்று தெரிந்தது. பங்காளிக்குள் என்ன போட்டி? விடியற்கால முகூர்த்தம் ஒரு வீட்டுக்கு, அதற்கு அடுத்தது மற்ற வீட்டுக்கு. சமையல் ஒன்றாகவே ஆகட்டும். அரைமணியில் முடிந்தது.

பழனாத்தாள் அன்புக்கரசியைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். யாரோ பூ கொண்டுவந்தார்கள். “தப்புன்னு வாயைத் தொறந்து சொல்றதுக்கு எத்தனை தைரியம் வேணும். தங்கமான புள்ளை” என்றாள். “எங்கூட்டுப் பசங்க சொல்லுவாங்களா?” என்றார் வெள்ளியங்கிரி. ஐயாசாமி அவளைப் பார்த்த பார்வையில், புது மோட்டார் முதல்முறை ஓடுகிறபோது இருக்கிற ஈரம் இருந்தது. அவளுக்கு வாழையிலை போட்டார்கள். இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொல்லி ஒருவருக்கொருவர் அதட்டினார்கள்.

இது மோகன்குமாரின் ஊர்ப்பக்கம். இந்த வாழை, இந்த நெல், இந்தப் பேச்சு எல்லாம் அவருடையவை. ஒருவரும் அவருக்கு இலை போடவில்லை. சரி, போகட்டும். பதவி அவருக்குத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவருடைய வரி யார் கண்ணிலும் படுவதற்குள் எடுத்துவிடலாம். அதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் பழனாத்தாள் அந்தப் பெண்ணின் தலையில் பூவை வைத்துவிட்டபோது, அவர் பாயச டம்ளரைக் கீழே வைத்தார். அவள் அவருடைய இளநீரை எடுத்துக்கொண்டாள், அவருடைய கூப்பாட்டை எடுத்துக்கொண்டாள். இப்போது அவருடைய தப்பையும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பூவும் இட்லியும் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

“அது அவங்க தப்பில்லீங்க” என்றார் மோகன்குமார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“அவங்க டெஸ்ட்ல ஒரு ஓட்டையும் இல்லீங்க. காலண்டர் பக்கத்தைச் சோதிச்சுப் பாக்கறது நான். பட்டை இல்லீன்னாலும் இருக்குதுன்னு சொல்லச் சொல்லி நாந்தான் எழுதிப்போட்டேன். முழுக்க முழுக்க என்ற தப்புங்க. அவங்களுக்கு இதுல ஒரு பங்கும் இல்லை.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பூ வரும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

வெள்ளியங்கிரி அவரை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப இத்தனை நேரம் பாயசம் குடிச்சுட்டு இருந்தீங்களாக்கும்?”

“தப்பைச் சொல்லிட்டாரு, விடுங்க” என்றாள் பழனாத்தாள். “அந்தப் புள்ளை சொன்னதுக்கப்பறம் சொன்னாரு.”

அவ்வளவுதான். இலை வரவில்லை.

திரும்பும் வழியில் அன்னூரில் ஒரு பேக்கரி முன்னால் ஐயாசாமி காரை நிறுத்தினார். மூன்று டீயும் தேங்காய் பன்னும் சொன்னார். பன்னை ஊற வைத்துத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

“ஏனுங்க மோகன், அந்தத் தலைவர் வேலையை அம்மணிக்கே குடுத்துறலாங்களா? நீங்க சொன்னாத்தானுங்க. உங்க மனசு வருத்தப்படறாப்பல நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்.”

இப்படிக் கேட்டால் ஒரு கொங்குநாட்டுக்காரன் என்ன பதில் சொல்ல முடியும் என்பது கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும்.

“தாராளமாக் குடுங்க” என்றார் மோகன்குமார். “அவங்களுக்கே பொருத்தமுங்க. நேரத்துக்கு வாரது ஒண்ணுதான் கொஞ்சம் பாத்துக்கோணும்.”

அன்புக்கரசி டீயை வைத்துவிட்டு, “அண்ணா, அந்த வரியை நான் எடுத்துறட்டுங்களா, நீங்களே எடுக்கறீங்களா?” என்றாள்.

“அது நான் எழுதுனதுங்க” என்றார் மோகன்குமார். “நீங்க தொட வேண்டாம்.”

மறுநாள் காலையில் அவரே எடுத்தார். பட்டை வரும்வரை எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும், அப்புறமும் வராவிட்டால் இல்லை என்று எப்படிச் சொல்ல வேண்டும் என்று தரகருக்குச் சுருக்கமாக எழுதினார். ஓடவிட்டார். டிவியில் அவருடைய பெயர் செக்கச் சிவந்தது. காலண்டரைத் தொட்ட அத்தனை டெஸ்ட்டும் சிவந்தன. தளத்தை எழுதியவர்கள் எழுந்து ஓடிவந்து அவர் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள். பட்டை எந்த இடத்தில் விழவில்லை, எப்போதிருந்து விழவில்லை என்று ஆளுக்கொரு கேள்வி. ஐயாசாமியும் வந்து எட்டிப் பார்த்தார். “சிவப்புன்னா இப்பிடி இருக்கோணுமுங்க” என்று எதையோ புரிந்துகொண்டவர் போலச் சொன்னார். தலைவியான அன்புக்கரசி கூட்டத்துக்கு வெளியே, கையைக் கன்னத்தில் வைத்தபடி தனியாக நின்றாள்.

அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஒரு வாட்டம் இருந்தது, அது பொறாமைதான், தமக்கு அது தெரியாதா என்று மோகன்குமார் புவனாவிடம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்று அவளுக்குப் பல்வலி என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.